சத்தம் வராத ஓட்டு

"சத்தமே வரலியேடா, விழுந்துச்சா இல்லியா?"

பெரியம்மா இப்படிக் கேட்டபோது வந்திருந்த தேர்தல்காரர்கள் படியிறங்கி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். 2023 மே மாதத் தொடக்கம். பெங்களூரு, ஜெயநகர் தொகுதி. பெரியம்மாவுக்கு அப்போது 87 வயது. எண்பதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே ஓட்டுப் போடலாம் என்ற ஏற்பாடு கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலுக்கு முதன்முதலாக வந்த வருடம் அது.

இரண்டு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்க ஒரு பையன். சாப்பாட்டு மேசைமேல் இருந்த ஊறுகாய் ஜாடியையும் மாத்திரை டப்பாவையும் அண்ணி அவசரமாக நகர்த்த, அங்கே ஒரு மடிப்பு அட்டையை மூன்று பக்கம் மறைவாக விரித்து நிறுத்தினார்கள். "அஜ்ஜி, இல்லி குருத்து ஹாகி" (பாட்டி, இங்கே குறி போடுங்கள்) என்று அலுவலர் அம்மாள் பேனாவை நீட்டினார். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாக்குச்சீட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு குறி போட்டார். சீட்டு சின்னக் கவருக்குள் போனது. சின்னக் கவரும் பெரியம்மா கையெழுத்திட்ட உறுதிமொழித் தாளும் பெரிய கவருக்குள் போயின. பசை ஒட்டினார்கள். எல்லாம் முறைப்படி, மரியாதையாக, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி. இருபது வருடமாகப் பெரியம்மாவுக்கு ஓட்டு என்றால் ஒரு நீண்ட 'பீப்'. பட்டனை அழுத்தியதும் அந்தச் சத்தம் வரும், வந்தால்தான் ஓட்டு விழுந்ததாகக் கணக்கு. கவருக்குச் சத்தம் கிடையாது. "விழுந்துடுச்சு பெரியம்மா" என்று சொல்லி வைத்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த 'பீப்' இந்த ஊர்ச் சத்தம். வாக்குப்பதிவு இயந்திரத்தை நாட்டுக்குச் செய்துகொடுக்கும் இரண்டே நிறுவனங்களில் ஒன்று ஜாலஹள்ளியில் இருக்கிற பாரத் எலெக்ட்ரானிக்ஸ், மற்றது ஹைதராபாதில். அந்த ஜாலஹள்ளித் தொழிற்சாலையில்தான் நம் எழுத்தாளர் சுஜாதா, அலுவலகப் பதிவேட்டின்படி எஸ். ரங்கராஜன், இந்த இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் முன்னின்று வேலை பார்த்தார். கணேஷையும் வசந்தையும் எழுதிய கை ஓட்டுப்பெட்டிக்கும் சர்க்யூட் பார்த்தது என்பதில் பெங்களூரு தமிழர்களுக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு. இயந்திரம் சட்டென்று ஏற்கப்படவும் இல்லை. 1982இல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 சாவடிகளில் அதை வைத்தார்கள்; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சட்டம் வாக்குச்சீட்டைத்தான் சொல்கிறது, இயந்திரத்தைச் சொல்லவில்லை என்று 1984இல் அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவாயிற்று. சட்டத்தைத் திருத்தியபிறகே இயந்திரம் உள்ளே வந்தது. கிராமத்துக் கிழவிக்கும் புரிகிற ஒரே ஒப்புகைச் சீட்டாக ஒரு சத்தம் போதும் என்பது எளிய யோசனைதான். பெரியம்மா அதைச் சரியாகவே பிடித்துக்கொண்டிருந்தார்.

தபால் ஓட்டு என்ற பெயரே பெரியம்மா விஷயத்தில் பாதிப் பொய். தபால்காரர் எங்கும் வரவில்லை, தபால்தலை ஒட்டவில்லை. 1961ஆம் வருடத் தேர்தல் நடத்தை விதிகளில் தபால் ஓட்டு என்பது படைவீரர்களுக்கும், தேர்தல் வேலையில் இருக்கிற ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள் முதலியோருக்கும், தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்குமாக வகுக்கப்பட்டது. (தடுப்புக் காவலில் இருப்பவருக்கு ஓட்டு உண்டு, சாதாரணத் திருட்டு வழக்கில் உள்ளே இருக்கும் விசாரணைக் கைதிக்கு இல்லை. இதன் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை.) 2019 அக்டோபரில் அந்த விதிகளைத் திருத்தி, எண்பதைக் கடந்தவர்களையும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களையும் சேர்த்தார்கள். கொரோனா காலத்தில் வயதை 65 ஆகக் குறைத்துவிட்டு, பிகார் தேர்தலுக்கு அது வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பாக வயது 85 ஆக உயர்ந்தது. ஆக, நம் நாட்டில் முதியவரின் தபால் ஓட்டு என்பது தபால் அல்ல. நடந்து வருகிற ஒரு குட்டிச் சாவடி.

அமெரிக்காவில் இந்த விவாதம் வேறு மாதிரி. ஆரிகன் மாநிலத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக எல்லோருக்கும் வீட்டுக்கே சீட்டு வருகிறது. சமையலறை மேசையில் குறி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். 2020 அதிபர் தேர்தலில் அந்த நாட்டில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தபாலில்தான் வாக்களித்தார்கள், அதன் பிறகு நடந்த ரகளையும் நமக்குத் தெரியும். பிரான்ஸ் இதற்கு நேர்மாறாக, கோர்சிகாத் தீவில் நடந்த மோசடிகளைப் பார்த்துவிட்டு 1975இல் உள்நாட்டுத் தபால் ஓட்டையே எடுத்துவிட்டது. இங்கிலாந்தில் கேட்டவர்க்கெல்லாம் தபால் ஓட்டு என்று திறந்துவிட்டு, 2004இல் பர்மிங்ஹாம் நகரசபைத் தேர்தலில் ஆயிரக்கணக்கில் சீட்டுகள் கைமாறிய கதை நீதிமன்றத்தில் அம்பலமாயிற்று. இலங்கையில் அரசு ஊழியர்கள் தேர்தலுக்குச் சில நாள் முன்னதாகத் தங்கள் அலுவலகத்திலேயே தபால் வாக்கைப் போடுகிறார்கள். முடிவு அறிவிக்கும் இரவில் முதலில் வருவது அவர்கள் கணக்குதான், யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அதை வைத்தே காற்றின் திசையைச் சொல்லிவிடுவார்கள். நம் தொலைக்காட்சிக்காரர்களும் காலை எட்டேகாலுக்கே 'தபால் வாக்குகளில் முன்னிலை' என்று கட்சிக் கொடிகளைப் பறக்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் எண்ணப்பட்டிருப்பது சில நூறு கவர்கள்.

ஆனால் எனக்கு மோசடி பெரிய கவலை இல்லை. அன்றைக்குப் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் யார் யார் எங்கே நின்றார்கள் என்பதுதான் மனதில் தங்கிவிட்டது.

அண்ணன் சோபாவில். அண்ணி சமையலறை வாசலில், பெரியம்மாவின் தோளுக்குப் பின்னால். நான் ஜன்னலோரம். அலுவலர் அம்மாள் கன்னடத்தில், எல்லோரும் கொஞ்சம் தள்ளிப் போங்கள் என்று சொன்னார். ஓர் அடி தள்ளினோம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. அந்த வீட்டில் எந்தக் கட்சி என்பது பத்து வருடமாகச் சாப்பாட்டு வேளைகளில் தீர்மானமான விஷயம். அட்டை மறைப்பது கண்களைத்தான். ஒரே கூரையின் கீழ் பேரன் பள்ளிக்கட்டணமும் மருந்துச் செலவும் யார் கொடுப்பது என்ற கணக்கு, அட்டைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் வழிந்து வந்துவிடும்.

சாவடியின் மறைவு அட்டைக்குள் போகும்போது மனிதர் தனியாகப் போகிறார். மாமியார் வரமுடியாது, புருஷன் வரமுடியாது, வட்டச் செயலாளர் வரமுடியாது. நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு இருபது வயது முதல் எண்பது வயதுவரை இப்படிக் கட்டாயமாகக் கிடைக்கிற தனிமை எத்தனை? குளியலறையை விட்டால் அந்த அட்டைதான். அதுவும் ஐந்து வருடத்துக்கு இரண்டு மூன்று முறை. தமிழ்நாட்டில் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு பணப்பட்டுவாடாவுக்கு ஒரு 'பார்முலா' என்றே பெயர் விழுந்துவிட்டது. இரண்டு தரப்பிலும் கவர் வாங்கிக்கொண்டு மூன்றாமவருக்குப் போட்டுவிட்டு வந்து சிரித்த கிழவிகளை எனக்குத் தெரியும். அவர்களை அப்படிச் சிரிக்கவிட்டது அந்த அட்டை. சீட்டு வீட்டுக்கே வருமானால் பணம் கொடுத்தவனும் சீட்டோடு சேர்ந்தே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வான்.

இப்படிச் சொல்லிவிட்டு, எல்லோரும் சாவடிக்கே வாருங்கள் என்று முடித்துவிட எனக்கு விருப்பம்தான். அண்ணன் மகன் விடமாட்டான்.

அவனுக்கு வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில், ஓட்டு தர்மபுரிப் பக்கம் அவன் அம்மாவின் ஊரில். பெயரை இங்கே மாற்றிக்கொள்ளேன் என்று நூறு முறை சொல்லியாயிற்று. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: சொந்த வீடு இருக்கிற இடத்தில் அல்ல, வழக்கமாகக் குடியிருக்கிற இடத்தில்தான் பெயர் இருக்கவேண்டும். அவன் பதில் ஒன்றுதான். "இங்க வாடகைக்கு இருக்கேன் சித்தப்பா. அங்கதான் இருக்கேன்." 2024இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, பெங்களூருக்கு ஏப்ரல் 26. 18ஆம் தேதி சாயங்காலம் அவனை மடிவாளாவில் பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். ஓசூர் ரோடு முழுக்கப் பையும் தோளுமாகப் பிள்ளைகள். சேலம், திருச்சி, மதுரை, நெல்லை என்று கூவுகிற கிளீனர்கள். ஆம்னி பஸ்காரர்கள் கேட்டது அன்றைய விலை. வெள்ளிக்கிழமைத் தேர்தலாகையால் மூன்று நாள் ஊரில் இருக்கலாம் என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் கூட்டம் ஓட்டுக்காகப் போன கூட்டம். அத்தனை பேரும் போகமுடிந்தவர்கள். கட்டட வேலைக்கு வந்த விழுப்புரத்துக்காரரும், ஓட்டல் சமையற்கட்டில் நிற்கிற ஒடிசாப் பையனும் அந்தக் கூட்டத்தில் இல்லை. சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. மேஸ்திரியின் நோட்டில் இல்லை.

இவர்களுக்கு என்ன வழி? 2022 டிசம்பர் 29 அன்று தேர்தல் ஆணையம் ஒரு யோசனையை வெளியிட்டது. 2019 தேர்தலில் ஏறத்தாழ 30 கோடிப் பேர் ஓட்டுப் போடவில்லை, அதில் புலம்பெயர்ந்து வேலை செய்வோர் ஏராளம் என்று சொல்லி, தொலைவாக்கு இயந்திரம் ஒன்றைச் செய்திருப்பதாக அறிவித்தது. ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் ஓட்டைப் பதிவுசெய்யும். 2023 ஜனவரி 16 அன்று 8 தேசியக் கட்சிகளையும் 57 மாநிலக் கட்சிகளையும் அழைத்து அதைக் காட்டுவதாக ஏற்பாடு. எதிர்க்கட்சிகள் ஒப்பவில்லை. புலம்பெயர்ந்தவர் என்பவர் யார், பெங்களூரில் இருக்கும் சாவடிக்குத் தர்மபுரி வேட்பாளர் எப்படி ஏஜெண்ட் போடுவார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். அத்தோடு அந்த இயந்திரம் பேச்சிலிருந்து மறைந்தது.

நான் கவனித்தது வேறு. முப்பது கோடிப் பேரை எட்டவேண்டும் என்று வந்தபோதும் ஆணையம் தபாலை நாடவில்லை; ஆளைச் சாவடிக்கு வரவழைக்கவே இன்னொரு இயந்திரம் செய்தது. வெளிநாட்டு இந்தியர்களுக்கும் அப்படியே: 2010இல் வாக்காளர் பட்டியலில் இடம் கொடுத்தார்கள், ஓட்டுப் போட நேரில் வரவேண்டும் என்று வைத்தார்கள். பதிலாள் மூலம் போடலாம் என்ற மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியாயிற்று. ஆளைப் பார், மை வை, அனுப்பு. இதுதான் நம் தேர்தலின் ஆதாரக் கட்டுமானம். நேரில் நிற்கும் உடம்புதான் சான்று.

உடம்பு வராமல் காகிதம் மட்டும் வந்தால் என்ன நடக்கும் என்பதை ஜெயநகர் 2023 மே 13ஆம் தேதி இரவு பார்த்தது.

கர்நாடகம் முழுக்க முடிவு மதியமே தெளிவாகி, காங்கிரஸ்காரர்கள் இனிப்புக் கொடுத்து முடித்துவிட்டார்கள். எங்கள் தொகுதி மட்டும் முடியவில்லை. எஸ்.எஸ்.எம்.ஆர்.வி. கல்லூரியில் எண்ணிக்கை. காங்கிரஸின் சௌமியா ரெட்டி சொற்ப வாக்கில் முந்தியதாகச் செய்தி வந்தது. தள்ளுபடி செய்த தபால் ஓட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டும் என்று பாஜக கேட்டது. மறுபடி எண்ணினார்கள். வெளியே இரண்டு கட்சிப் பெருந்தலைகளும் வந்து நிற்க, கூச்சல், போலீஸ். நள்ளிரவை ஒட்டி அறிவித்தார்கள்: பாஜகவின் சி.கே. ராமமூர்த்தி 16 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

பதினாறு. எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டுக் குடித்தனங்களைக் கூட்டினால் பதினாறு வரும்.

அந்த இரவு பெரியம்மா தூங்கவில்லை. டிவியில் 'தபால் ஓட்டு தள்ளுபடி' என்ற எழுத்து ஓடியதும் என்னைப் பார்த்தார். நான் தொலைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த அலுவலரே அவர் உறுதிமொழித் தாளில் சான்றொப்பம் போட்டிருந்தார். அது சரியாகவே எண்ணப்பட்டிருக்கும் என்றுதான் நம்புகிறேன். அந்த இரவில் அதை அவரிடம் உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராதாபுரத்துக்காரர்களுக்கு இது பழைய கதை. 2016 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 வாக்கில் வென்றார். 203 தபால் ஓட்டுகள் தள்ளுபடியாகியிருந்தன. காரணம் கள்ள ஓட்டு அல்ல, இரட்டைக் குறி அல்ல. உறுதிமொழித் தாளில் சான்றொப்பமிட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அவர் கெஜட்டட் ஆபீசரா இல்லையா என்பதுதான் தகராறு. 2019 அக்டோபர் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தத் தலைமையாசிரியரின் கையெழுத்து செல்லும் என்று சொல்லி, தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றம் ஆயுள் முடிந்து கலையும்வரை எண்ணிக்கை வெளியே வரவில்லை. 2021இல் அப்பாவு அதே தொகுதியில் வென்று சபாநாயகரானார்.

இதில் இருக்கிற விபரீதத்தை யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் சாவடிக்குப் போய்க் கைநாட்டு வைத்துப் பட்டனை அழுத்தினால் அந்த ஓட்டைச் செல்லாததாக்க யாராலும் முடியாது. இயந்திரத்தில் செல்லாத ஓட்டு என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. செல்லாத ஓட்டு இன்று எஞ்சியிருப்பது கவர்களில்தான், அந்தக் கவர்களில் பல தேர்தலையே நடத்துகிற ஆசிரியர்களும் அலுவலர்களும் போடுவது. மற்றவர்களுக்கு மை வைத்து அனுப்புகிறவருடைய ஓட்டு, உறுதிமொழியைப் பெரிய கவரில் வைப்பதற்குப் பதில் சின்னக் கவரில் வைத்ததால் போகிறது. வரிசை எண் ஒத்துப்போகாததால் போகிறது. சான்றொப்பம் இல்லாததால் போகிறது. அவர்களுக்குக் கவனம் போதாது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆள் நேரில் நின்றால் வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆளுக்குப் பதில் காகிதம் வந்தால் அந்தக் காகிதத்துக்குச் சாட்சியாக ஒரு காகிதம், அதன் கையெழுத்துக்குச் சாட்சியாக ஒரு முத்திரை என்று அது வளர்ந்துகொண்டே போகும். வளர்கிற இடத்தில் எல்லாம் ஒரு குமாஸ்தாவின் முடிவு காத்திருக்கிறது. நாற்பதாயிரம் வித்தியாசத்தில் வெல்லும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. பதினாறிலும் நாற்பத்தொன்பதிலும்தான் தெரிகிறது. தள்ளுபடியானவற்றைவிட வெற்றி வித்தியாசம் குறைந்தால் அத்தனையையும் மறுபடி சரிபார்க்கவேண்டும் என்று ஆணையமே விதி வைத்திருக்கிறது என்றால் அதற்கும் இது தெரிந்திருக்கிறது என்று பொருள். தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபாலில் அனுப்பாமல் வசதி மையத்துக்கு வந்தே வாக்களிக்கவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் மாற்றியதும் அதே திசையில்தான். சரியான மாற்றம். கவரை ஒழித்துவிட்டு அங்கும் ஓர் இயந்திரத்தை வைத்தால் இன்னும் சரி.

வரமுடியாதவர் என்று ஒருவரை யார் முடிவு செய்வது என்ற கேள்வி மிச்சம். இதே மாநிலத்தில் 2004இல் சந்தேமரஹள்ளித் தொகுதியில் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி ஒரே ஒரு வாக்கில் துருவநாராயணனிடம் தோற்றார். அன்றைக்கு வேலையில் இருந்த அவருடைய டிரைவரே ஓட்டுப் போடப் போகமுடியவில்லை என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த டிரைவருக்கு எந்த விதியிலும் கவர் கிடையாது. எங்கள் பெரியம்மாவுக்குக் கவர் கிடைத்தது, ஆனால் வேண்டுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. வீட்டிலிருந்தே வாக்களிக்க விண்ணப்பிக்கும் 12டி படிவத்தோடு பூத் அலுவலர் வந்தபோது பெரியம்மா தூங்கிக்கொண்டிருந்தார். வெயில், படிக்கட்டு, கூட்டம் என்று நாங்களே பேசி முடித்து, அவர் எழுந்ததும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டோம். படிவம் ஏற்கப்பட்டால் பட்டியலில் பெயருக்கு எதிரே தபால் வாக்காளர் என்று குறித்துவிடுவார்கள். பிறகு மனம் மாறிச் சாவடிக்குப் போனாலும் அனுமதி இல்லை. இது எங்களுக்கு அப்போது தெரியாது.

2024 ஏப்ரலில் 12டி மறுபடி வந்தது. பெரியம்மா விழித்திருந்தார். "வேண்டாம், நான் போறேன்" என்றார். அந்தக் கோடையில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி காலை ஏழு மணிக்கெல்லாம் ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். சக்கர நாற்காலி இருந்தது; ஒரு சக்கரம் திரும்பாது, அவ்வளவுதான் குறை. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். எதிர் வீட்டில் முப்பது வருடம் இருந்து மகளோடு வேறு பகுதிக்குப் போய்விட்ட ஒரு கன்னட அம்மாள், பெயரை மாற்றாமல் அங்கேயே வந்திருந்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள். உள்ளே நான் வாசலோடு நிறுத்தப்பட்டேன். கூடவே ஒருவர் வரலாம் என்று அலுவலர் சொல்லியும் பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டார். அட்டைக்குப் பின்னால் வெகுநேரம் ஆயிற்று. சத்தம் வந்தது. வெளியே வந்தவரிடம் அண்ணன் பாதி விளையாட்டாக, "யாருக்கும்மா?" என்றார். பெரியம்மா பதிலே சொல்லவில்லை. வீடு வரும்வரை ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்தத் தேர்தலில் எங்கள் மக்களவைத் தொகுதியான பெங்களூரு தெற்கில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 53 பேர். மிச்சம் 47 பேரில் நடக்கமுடியாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? எனவே தபால் நம்மூரில் வாக்குப்பதிவை உயர்த்திவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். படுத்த படுக்கையாய் இருப்பவருக்குச் சாவடி வீடு தேடிப் போகவேண்டும், சந்தேகமே இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் 12டியைப் பூர்த்திசெய்து கொடுத்தாகவேண்டும். உங்கள் வீட்டில் 85ஐத் தாண்டியவர் இருந்தால், கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் அவரை எழுப்பிக் கேளுங்கள்.